பெருங்களத்தூருக்குப் போட்ட இடம்

ஆள் வராங்க என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. பரனூரில் ஏறிய அந்த அம்மா என்னைப் பார்த்தார், ஜன்னலோரத்தில் நான் விரித்து வைத்திருக்கும் கைக்குட்டையைப் பார்த்தார், நகர்ந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கணுக்கால் வீங்கியிருக்கிறது. அதை நான் பார்த்திருக்க வேண்டாம், பார்த்துவிட்டேன். யார் வருகிறார், எங்கே ஏறுவார் என்று அவர் கேட்டிருந்தால் இரண்டுக்கும் பெருங்களத்தூர் என்றே சொல்லியிருப்பேன். இந்த லேடீஸ் பெட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, ஏறுகிற ஸ்டேஷன்தான் பெயர். வண்டி செங்கல்பட்டில் காலியாகப் புறப்படுகிறது, அங்கே ஏறுகிறவர்கள் பின்னால் ஏறப்போகிறவர்களுக்கு இடம் போட்டு வைக்க வேண்டும், யார் எந்த ஸ்டேஷன் என்று தெரிந்தால் அதற்குப் போதும். எனக்கு எதிரில் மறைமலைநகருக்கு. அவருக்குப் பக்கத்தில் கூடுவாஞ்சேரிக்கு. என் பக்கத்து ஜன்னல் பெருங்களத்தூருக்கு. ஒரு வருஷமாக இப்படித்தான் போட்டு வைக்கிறேன், கைக்குட்டையை விரிப்பேன், மேலே தண்ணீர் பாட்டிலை வைப்பேன், யாராவது கேட்டால் ஆள் வராங்க என்பேன். அப்போதெல்லாம் அது உண்மை. இப்போது பெருங்களத்தூர் அக்கா வராமல் போய் மூன்றாவது வாரம். உண்மை எந்த நாளிலிருந்து பொய்யாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் வராதபோது அது பொய் இல்லை, காய்ச்சலாக இருக்கலாம். ஒரு வாரம் ஆனபோதும் இல்லை, ஊருக்குப் போயிருக்கலாம். நேற்று மறைமலைநகர், சாப்பாட்டுப் பையை மடியிலிருந்து இறக்காமலே, போதும்மா, எத்தனை நாளைக்கு இப்படி காலியா வெச்சுக்கிட்டு வருவே, நாலு பேர் நின்னுக்கிட்டு வராங்க இல்ல, என்றார். நியாயம்தான். ஆனால் கைக்குட்டையை எடுப்பதற்கு என் கை வரவில்லை. எடுத்துவிட்டால் நான் ஒன்றை முடிவு செய்துவிட்டதாக ஆகும், அதை முடிவு செய்ய நான் யார்.

இன்றைக்கு இதை நினைக்கக் கூடாது. இன்றைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் அறையில் எனக்கு நிரந்தர வேலையா இல்லையா என்று சொல்லப் போகிறார்கள். நுங்கம்பாக்கத்தில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் தற்காலிகம். நான்கு பேர் சேர்ந்தோம், ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்களாம். நேரம் தவறாமையைத் தனியாகப் பார்ப்பார்கள் என்று ரிசப்ஷனில் இருக்கிற பெண் சொன்னாள், அதைச் சொல்லும்போது அவள் குரலைத் தாழ்த்தினாள். என்ன கேட்பார்கள், எப்படிப் பதில் சொல்வது என்று நேற்று முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். உட்காரச் சொன்னால் உடனே உட்கார வேண்டுமா, ஒரு முறை தயங்கி உட்கார வேண்டுமா. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். என் வேலை விஷயத்தில் அவருக்குத் தெரிந்த புத்தி ஒன்றுதான், எதுலயும் முன்னாடி போய் நிக்காதே, எதுலயும் கையெழுத்துப் போடாதே. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். அதனால்தான் அப்பாவுக்கு அத்தனை பயம் என்று நினைக்கிறேன், கைநாட்டு வைத்தால் ஏமாந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு என்ன சொல்வது. அந்தப் பயம் எனக்கும் வந்திருக்கிறது. டிகிரி வாங்கியும் போகவில்லை. டிகிரி. அந்தச் சொல்லை நினைத்தாலே அக்காவின் குரலில்தான் கேட்கிறது.

முதல் வாரத்திலேயே எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டாள். நான் செங்கல்பட்டு என்றுதான் ஆகியிருக்க வேண்டும், மற்றவர்களுக்கு நான் அதுதான், ஆனால் நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்பதை மறைமலைநகர் கிண்டிக் கிளறிக் கேட்டு வாங்கியதை அக்கா காதில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வாசல் கம்பியைப் பிடித்து ஏறும்போதே, ஏய் டிகிரி, ஜன்னலைத் திற, காத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கேன், என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சிரிச்சா மார்க் கொறைஞ்சிடுமா டிகிரி, என்று முழங்கையால் இடித்தாள். அக்கா ஏறினால் பெட்டிக்கு வேறு நிறம் வரும் என்று சொன்னால் அது பொய், நிறமெல்லாம் வராது, அதே வியர்வை, அதே நெரிசல், ஆனால் யாரும் ஜன்னல் பக்கமாகவோ போனைப் பார்த்தபடியோ இருக்க மாட்டார்கள். ஸ்டேஷன் அறிவிப்பு சொல்கிற பெண்ணின் குரலை அப்படியே எடுத்துப் பேசுவாள். கொய்யாப்பழம் விற்கிறவரிடம், உன் கொய்யாவைக் கடிச்சு என் பல்லு ஆடுது, வைத்தியச் செலவு குடு, என்று சண்டை பிடித்து ஒரு பழம் கூடுதலாக வாங்குவாள், வாங்கியதை எனக்குத் தருவாள். போன் கிடையாது. எனக்கு எதுக்கு போன், கத்துனா தாம்பரம் வரைக்கும் கேக்கும், என்பாள். என்ன வேலை என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில். மறைமலைநகரிடம் துணிக்கடையில் புடவை மடிக்கிறேன் என்றாளாம். கூடுவாஞ்சேரியிடம் ஒரு பெரிய வீட்டில் சமையல் என்றாளாம். என்னிடம், கலெக்டருக்கே நான்தான் கார் ஓட்டுறேன், யார்கிட்டயும் சொல்லாதே, என்றாள். சைதாப்பேட்டையில் இறங்குவாள், அதுதான் நிச்சயம். படிகளில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் போவாள். எத்தனை சிரிப்பிருந்தாலும் சைதாப்பேட்டை நெருங்கும்போது ஒரு நிமிஷம் வாய் மூடி உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் மட்டும்தான் கவனித்தேனோ என்னவோ. பக்கத்தில் இருந்தவள் நான்தானே.

கூடுவாஞ்சேரி ஏறிவிட்டாள். வயிறு இப்போது நன்றாகத் தெரிகிறது, இரண்டு பேர் கைகொடுத்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் ஜன்னலோரக் கைக்குட்டையைப் பார்த்துவிட்டு உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இந்த வண்டியில் வளைகாப்பு நடக்க வேண்டியிருந்தது. போன வருஷம் சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறுகிறவளுக்கு நடந்தது மாதிரி. அதை நடத்தியவள் அக்காதான். ஓடுகிற ரயிலில் வளைகாப்பா என்று நான் பயந்தேன், யாராவது புகார் சொன்னால், டிக்கெட் பரிசோதகர் வந்தால். அக்கா ஒரு வெள்ளிக்கிழமை பேர்பேராக, அதாவது ஸ்டேஷன் ஸ்டேஷனாக, வேலை பிரித்தாள். எலுமிச்சைச் சாதம் ஊரப்பாக்கம், தயிர்ச் சாதம் வண்டலூர், சந்தனமும் குங்குமமும் மறைமலைநகர், டிகிரிக்குச் சமைக்கத் தெரியாது, அவ தண்ணி கொண்டுவரட்டும். நீலமும் மஞ்சளுமான ஒயர் கூடையிலிருந்து கண்ணாடி வளையல்களைப் பேப்பர் பிரித்து எடுத்தாள், வண்டி குலுங்கும்போதெல்லாம் நிறுத்தி, நின்ற பிறகு ஒன்றொன்றாகப் போட்டுவிட்டாள். அடுத்த பெட்டி ஆண்கள் தடுப்புக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாத்தது போதும், மொய் வெச்சுட்டுப் போங்க, என்று கத்தினாள். சிங்கப்பெருமாள் கோயில் காதல் கல்யாணம், இரண்டு வீட்டிலிருந்தும் யாரும் வருவதில்லை, அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். எல்லாருடைய கையிலும் சந்தனம் பூசிய பிறகு கடைசியில் அக்கா தன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள், யாராவது அவளுக்குப் பூசினார்களா என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கூடுவாஞ்சேரிக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்ததும், உனக்குப் பச்சை வளையல்தான், நானே பார்த்து வாங்கறேன், யாரும் வாயைத் திறக்கக் கூடாது, என்றாள். அதைச் சொன்னது ஒரு புதன்கிழமை. வியாழக்கிழமை வந்தாளா. வந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்துதான் இல்லை.

பெயர் கேட்டது எப்போது. மழைக்காலம், ஜன்னல் கண்ணாடியை இறக்கியிருந்தோம், கிண்டிக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றிருந்தது. உன் நெஜப் பேரு என்ன டிகிரி, என்று திடீரென்று மெதுவாகக் கேட்டாள். எனக்குச் சொல்லக் கூச்சம். அஞ்சலாட்சி என்பது அப்பாவின் அம்மாவுடைய பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள், ஆபீஸில் அஞ்சு என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவளிடம் முழுப் பெயரையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அஞ்சலாட்சி, அஞ்சலாட்சி என்று இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், வண்டி கிளம்பியதும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க அடிக்க, வெளியே பார்த்து அஞ்சலாட்சீ என்று ஒரு கத்து கத்தினாள். தண்டவாளத்தை ஒட்டிய சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பின. இவ்ளோ நல்ல பேரை ஏன்டி ஒளிச்சு வெச்சிருக்கே, என்றாள். என் பெயரை யாரும் அதற்கு முன்பு அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை, வருகைப் பதிவில்கூட. அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. நான் திருப்பிக் கேட்க வேண்டும் என்று காத்திருந்தாளா. கேட்டால் தப்பாக நினைப்பாளோ, பெரியவர்களைப் பெயர் கேட்பது மரியாதை இல்லையோ என்று நான் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தேன். கேட்டிருந்தால் இன்று பெருங்களத்தூரில் இறங்கித் தேடியிருக்கலாம். போன வாரம் ஒரு சாயங்காலம் இறங்கவும் செய்தேன், டிக்கெட் கவுன்டர் வரைக்கும் போனேன், என்ன கேட்பது. பெருங்களத்தூரில் நின்றுகொண்டு, பெருங்களத்தூர் அக்கா எங்கே இருக்காங்க என்றா. அடுத்த வண்டியைப் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஊரப்பாக்கத்தில் ஒரு ரயில்வே போலீஸ் பெண் ஏறினார். வழக்கமாக வருகிறவர்தான், வாசலில் நின்றுவிட்டு இறங்கிப் போவார், இன்று உள்ளே வந்தார். இந்த வண்டியில டெய்லி வரவங்கதானே நீங்கள்லாம், என்று பொதுவாகக் கேட்டார். ஒரு லேடி ஆஸ்பத்திரில இருக்காங்க, என்றார், பலமுறை சொல்லி அலுத்த குரலில். லைனைத் தாண்டுறப்ப அடிபட்டு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. உயிர் இருக்கு, நினைவு வரலை. யாருமே தேடி வரலை. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், மாநிறம். கூடை ஒண்ணு தள்ளிப் போய் விழுந்து கெடந்துது, நீலமும் மஞ்சளும் ஒயர் கூடை. உள்ளே டிபன் பாக்ஸ், பேப்பர்ல சுத்தின பச்சைக் கண்ணாடி வளையல். ஒண்ணுகூட ஒடையலை. யாருக்காவது தெரியுமா.

கூடுவாஞ்சேரியின் கை வயிற்றின் மேல் போனது. அதை எல்லாரும் பார்த்தோம், பார்த்த மறுகணம் எல்லாரும் வேறெங்கோ பார்த்தோம். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று வாங்கிய வளையல் அந்த இடத்தில் கிடந்தது என்பதை யார் வாய் திறந்து சொல்வது. சொன்னால் அது அவள் வயிற்றில் இருப்பதன் மேல் போய் விழும் என்று பெட்டி முழுக்க ஒரே நேரத்தில் நினைத்தது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே. மறைமலைநகர் பையின் கைப்பிடியை முறுக்கினார். எங்களுக்கு எங்கேம்மா தெரியும், வரோம் போறோம், என்றார் மெதுவாக. அதுவும் பொய் இல்லை. என்ன தெரியும் எங்களுக்கு. பெயர் தெரியாது, வீடு தெரியாது, புருஷன் இருக்கிறாரா தெரியாது, வேலை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் சைதாப்பேட்டைக்கு முன்னால் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாள் என்பது, இடது கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும் என்பது, சிரிக்கும்போது என் தோளில்தான் சாய்வாள் என்பது. இதைக் கேட்டால் போலீஸ் என்ன செய்வார். நீலமும் மஞ்சளும் ஒயர் கூடை எல்லார் வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டில்கூட. பச்சை வளையலை யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். அது அக்காவாக இருக்காது. அக்காவாக இல்லாவிட்டால் நான் போய்ப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வந்துவிடலாம், ஆனால் பத்து மணி போய்விடும். அக்காவாக இருந்தால். இருந்தால் அங்கே ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், இவரை உனக்குத் தெரியுமா, எப்படித் தெரியும், இங்கே கையெழுத்துப் போடு. அப்பா. அப்பா, இதில் நான் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. சாயங்காலம் போகலாமே. மேனேஜரைப் பார்த்துவிட்டு, நிரந்தரம் என்று அவர் சொன்ன பிறகு, நிம்மதியாக. ரெண்டு வாரத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடப்பவளுக்குச் சாயங்காலம் வரை என்ன. அப்படி ஒன்றை நான் நினைத்தேன் என்பது எனக்கே கேட்டது, ஆள் வராங்க என்று சொன்னபோது கேட்ட மாதிரியே. வண்டலூர் வந்து போயிருக்கிறது, எப்போது என்று தெரியவில்லை.

பெருங்களத்தூர். வண்டி நிற்கிறது. வழக்கம் போல நான் மேம்பாலப் படியைப் பார்க்கிறேன். அக்கா ஒருநாளும் முன்கூட்டி வந்து நின்றதில்லை, வண்டி வந்த பிறகுதான் படியிறங்கி ஓடிவருவாள், கூடையை உயர்த்திக் காட்டி, கார்டு அண்ணே, ஒரு நிமிஷம், வீட்டுல சொல்லிட்டு வரலையா நீங்க, என்று சத்தம் போட்டபடி. படியில் இப்போது நிறைய பேர் இறங்குகிறார்கள். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி ஓடி வருகிறாள், இல்லை, ஒல்லியான வேறு யாரோ, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஹாரன். கார்டு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. காலி இடத்தில் கைக்குட்டையின் ஒரு முனை காற்றில் எழும்பி விழுகிறது. மூன்று வாரமாக இந்த இடத்தை நான் அக்காவுக்காக வைத்திருந்தேனா, அல்லது அவளைத் தேடிப் போகாமல் இருப்பதற்காக வைத்திருந்தேனா. இடம் போட்டாயிற்று, என் வேலை முடிந்தது என்று. அடுத்தது தாம்பரம். போலீஸ் பெண் வாசல் பக்கம் போய்விட்டார், அங்கே இறங்குவார். வண்டி வேகம் எடுக்கிறது. தாம்பரம் வர எவ்வளவு நேரமாகும், எனக்குத் தெரியும், யோசித்து முடிவெடுக்கிற அளவு நேரம் அது இல்லை. நான் எதையும் யோசிக்காமல் செய்ததில்லை.

எழுந்துவிட்டேன். பரனூர் அம்மாவின் கையைப் பிடித்து என் இடத்தில் உட்காரச் சொன்னேன். அவர் ஜன்னலோரத்தைப் பார்த்தார், என் இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். மறைமலைநகர் என் மணிக்கட்டைப் பிடித்தார். செங்கல்பட்டு, எங்க போறே, உனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல என்னமோ இருக்குன்னியே. இருக்கு, என்றேன். பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், கைக்குட்டையை எடுக்கவில்லை. கூடுவாஞ்சேரி என்னைப் பார்க்காமல், தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தபடி, பச்சைதானே சொன்னாங்க, என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வண்டி தாம்பரத்தில் நின்றது, நெரிசல் என்னைத் தள்ளி வெளியே விட்டது.

நடைமேடையில் போலீஸ் பெண்ணின் முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன், என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், இஸ்திரி போட்ட சுடிதார், ஆபீஸ் அடையாள அட்டை.

"உன் பேரு?"

"அஞ்சலாட்சி."

"அவங்க பேரு?"

"தெரியாது."

"வீடு எங்க? வேலை?"

"தெரியாதுங்க."

"பேரும் தெரியாது, வீடும் தெரியாது. அவங்களுக்கு நீ என்ன வேணும்?"

பொய் சொல்லலாம். சித்தி மகள் என்றால் உடனே கூட்டிக்கொண்டு போவார். ஒத்திகை பார்த்த எந்தப் பதிலும் இந்தக் கேள்விக்கு இல்லை.

"நான் அவங்களுக்கு இடம் போட்டு வைப்பேன்," என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சரி, வா, என்றார். பின்னால் ரயில் கிளம்பியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். ஜன்னலோரத்தில் யாரும் இல்லை. கைக்குட்டையின் மேல், மறைமலைநகர் ஒருநாளும் மடியைவிட்டு இறக்காத அந்தச் சாப்பாட்டுப் பை இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பி, நிற்கிற யாரிடமோ தலையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.